ஈர்க்கும் எண்சுவடியும்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரையைக் கடந்து பாறசாலையை அடைவதற்கு முன்னர், உதியன்குளங்கரையை ஒட்டிய பகுதியில் செங்கல் என்னும் ஊர் இருக்கிறது. தென்னையும் வாழையும் மரவள்ளியும் பலாவும் நிறைந்த ஊர். இன்னும் சில கல் தொலைவு சென்றால் களியக்காவிளை. அதுவே இன்று கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்பகுதியையும் கேட்டது, அது கிடைக்கவில்லை. ஆகவே செங்கல், பாறசாலை முதலிய ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள், இருந்த இடத்தை விட்டு ஓரடியும் நகராமலே வேறு மாநிலத்தவர் ஆயினர்.

அரசியல் வரலாற்றைச் சொல்வது இங்கு நம் நோக்கமன்று. அவ்வூர்ச் சிறுவன் ஒருவனின் கணக்குப் பாடத்தைப் பற்றியே நாம் எண்ணிப் பார்க்கப் போகிறோம். வீட்டில் தாய் ‘கழித்துச் சொல்’ என்கிறாள். பள்ளியில் ஆசிரியர் ‘வ்யவகலனம்’ என்கிறார். வீட்டில் பெருக்கல், பள்ளியில் ‘குணனம்’. வீட்டில் வகுத்தல், பள்ளியில் ‘ஹரணம்’. கணக்கு ஒன்றே, பெயர்தான் இரண்டு. இவ்விரண்டும் ஒன்றே என்று யாரேனும் ஒரு முறை உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துவிட்டால் பிள்ளை தேறிவிடுகிறான். சொல்லாமல் விட்டால், வீட்டுக் கணக்கு வேறு, பள்ளிக் கணக்கு வேறு என்ற எண்ணம் அவன் உள்ளத்தில் வேரூன்றி விடுகிறது. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் குடியேறி வாழும் நேயர்களுக்கு இது புதிய செய்தியன்று. செங்கல் சிறுவனுக்கு எல்லை நகர்ந்து வந்தது. நம் பிள்ளைகளுக்கோ நாம் எல்லை கடந்து வந்தோம். வேற்றுமை அவ்வளவே.

இந்தப் பிளவு எத்துணைப் பெரிது என்பதை அண்மையில் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டுகிறது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலிய பொருளியல் அறிஞர்கள், கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தைகளில் விற்பனை செய்யும் 1,400க்கு மேற்பட்ட சிறுவர் சிறுமியரைக் கண்டு ஆராய்ந்து, 2025ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் அதன் முடிவை வெளியிட்டனர். அரைக் கிலோவும் கால் கிலோவும் கலந்து வாங்கினாலும் விலையை மனத்திலேயே பெருக்கிக் கூட்டி மீதிச் சில்லறையைத் தவறின்றித் தரும் அப்பிள்ளைகளுள் பெரும்பாலோர், அதே அளவுள்ள கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தபோது திணறினர். பள்ளியில் மட்டும் பயிலும் பிள்ளைகளோ தாளில் ஓரளவு செய்தனர். சந்தைக் கணக்கில் தடுமாறினர். ஓரிடத்தில் உள்ள திறமை மற்றோரிடத்துக்குத் தானே நடந்து செல்வதில்லை என்பது இதனால் விளங்குகிறது. நடுவே பாலம் ஒன்று இடவேண்டும். அந்தப் பாலத்தை இடுவதற்கான கருவிகளைப் பற்றியதே இக்கட்டுரை.

நாடு முழுவதையும் நோக்கினாலும் கவலைக்கு இடமுண்டு. கிராமப்புறப் பள்ளிகளின் நிலையை ஆராயும் ஏசர் அறிக்கையின்படி, மூவிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 2022ஆம் ஆண்டில் நூற்றுக்கு 25.6 பேர், 2024ஆம் ஆண்டில் நூற்றுக்கு 30.7 பேர். ஏற்றம் இருக்கிறது, எனினும் பத்துப் பேரில் எழுவருக்கு வகுத்தல் இன்னும் வசப்படவில்லை. இடைநிலை வகுப்புகளில் பின்னமும் விகிதமும் வரும்போது, இந்த எழுவரும் என்ன செய்வர்?

கருவிகள் என்றவுடன் விலையுயர்ந்த பொருள்களை எண்ணிவிடலாகாது. பழைய நாளில் தென்திருவிதாங்கூரில் நிலத்தெழுத்தாசான் என்று ஒருவர் இருந்தார். தமிழ்நாட்டில் திண்ணைப் பள்ளி எனப்பட்டதே இங்குக் குடிப்பள்ளிக்கூடம் என வழங்கியது. தரையில் பரப்பிய மணலே பலகை, விரலே எழுதுகோல். 1789ஆம் ஆண்டு முதல் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், மலபார்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டு வியந்து, அதனைத் தம் பள்ளியிலும் கையாண்டார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் வழக்கத்தையும் சேர்த்து, 1797ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு நூலும் வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. நாம் வேண்டாமென்று ஒதுக்கிய மணற்பலகை, கடல் கடந்து சென்று மதிப்புப் பெற்றது!

இன்னும் பழமையான செய்தியும் இப்பகுதிக்கு உண்டு. பாறசாலைக்குச் சில கல் தொலைவில், குமரி மாவட்டத்து முஞ்சிறைக்கு அருகே பார்த்திவபுரம் என்ற ஊர் உள்ளது. அங்கே ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866ஆம் ஆண்டில் கோயிலும், 95 மாணவர் பயிலுதற்குரிய சாலையும் அமைத்தான். அதைக் கூறும் செப்பேடு, அந்நாளைக் கலியுகம் தொடங்கி 14,49,087 நாள் சென்ற பின் என்று குறிக்கிறது. ஓர் ஊரின் ஆவணத்தில் நாள்களை இலட்சக் கணக்கில் எண்ணி எழுதும் அளவுக்கு இங்கே எண்ணறிவு நிலைபெற்றிருந்தது. இந்த எண்ணை ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்து, 365¼ ஆல் வகுக்கச் சொல்லிப் பாருங்கள். சற்றேறக்குறைய 3,967 ஆண்டுகள் வரும். கலியுகம் கி.மு. 3102இல் தொடங்கியது என்பதையும் சொன்னால், 866ஐ அவனே கண்டுபிடித்து விடுவான். (கி.மு.விலிருந்து கி.பி.க்கு வரும்போது சுழியாம் ஆண்டு என ஒன்று இல்லை என்பதை மட்டும் நினைவூட்ட வேண்டும்.) வெறும் வகுத்தல் கணக்காகப் பத்து வரி கொடுப்பதினும் இத்தகைய ஒன்று மேலானது என்பது நம் கருத்து.

இனி எண்சுவடிக்கு வருவோம். திண்ணைப் பள்ளியின் கணக்குப் புத்தகம் அதுவே. பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று தொடங்கிப் பெருக்கல் வாய்பாடுகளும் கீழ்வாய் இலக்கங்களின் வாய்பாடுகளும் அதில் அடங்கியிருந்தன. கீழ்வாய் இலக்கம் என்பது பின்னம். இதிலே பெருஞ் சிறப்பொன்று உண்டு. தமிழ்ப் பின்னங்களின் பெயர்களே கணக்குகளாக இருக்கின்றன. அரைக்கால் என்பது காலில் அரை. ஆகவே எட்டில் ஒன்று. பெயரே ஒரு பெருக்கல். முக்கால் என்பது மூன்று கால். மா என்பது இருபதில் ஒன்று. காணி என்பது எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டினால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. அதன் பெயர் மாகாணி! பெயரே ஒரு கூட்டல். மாகாணிக்கு வீசம் என்றும் பெயருண்டு. ‘முக்காலே மூன்று வீசம்’ என்று நாம் பேச்சில் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். பெரும்பாலும் எல்லாம் என்பது அதன் பொருள். கணக்கிட்டுப் பார்த்தால் பதினாறில் பன்னிரண்டும் மூன்றும் சேர்ந்து பதினாறில் பதினைந்து. அணாக் கணக்கு இருந்த காலத்தில் ரூபாய்க்குப் பதினைந்து அணா. பாட்டி சொல்லும் சொல்லில் பின்னக் கூட்டல் ஒளிந்திருப்பதைப் பிள்ளைக்குக் காட்டினால், அவன் அதை மறப்பானா?

முந்திரி என்பது 320இல் ஒன்று. 320 என்ற எண் எதற்காக? பாதி பாதியாகப் பிரித்துச் செல்லும் கால், அரைக்கால், வீசம் என்ற வரிசை ஒன்று. இருபதாகப் பிரிக்கும் மா வரிசை மற்றொன்று. இரண்டு வரிசைக்கும் பொதுவான சிறு கூறு வேண்டும். 16க்கும் 20க்கும் மீச்சிறு பொது மடங்கு 80, அதுவே காணி. அதையும் நான்காகப் பிரித்தால் முந்திரி. ஆறாம் வகுப்பில் மீச்சிறு பொது மடங்கு எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவனுக்கு இதைவிட நேரான விடை வேறு இல்லை. செங்கல் பள்ளியில் மலையாள ஆசிரியரும் இதைத் தயக்கமின்றிச் சொல்லலாம். அரை, கால், முக்கால், அரைக்கால், மாகாணி எல்லாம் மலையாளத்துக்கும் உரிய சொற்களே.

நெல்லிலக்கம் இன்னொரு வகை. 360 நெல் ஒரு செவிடு; 5 செவிடு ஓர் ஆழாக்கு; 2 ஆழாக்கு ஓர் உழக்கு; 2 உழக்கு ஓர் உரி; 2 உரி ஒரு நாழி; 8 நாழி ஒரு குறுணி; 2 குறுணி ஒரு பதக்கு; 2 பதக்கு ஒரு தூணி; 3 தூணி ஒரு கலம். இதைப் பெருக்கிப் பார்த்தால் ஒரு நாழியில் 14,400 நெல், ஒரு கலத்தில் 96 நாழி என்று வரும். மலையாள வழக்கில் 4 நாழி ஓர் இடங்கழி, 10 இடங்கழி ஒரு பறை. எல்லையில் வாழ்ந்தவர்க்கு இரண்டு கணக்கும் வேண்டியிருந்தது. மூன்று கலம் நெல்லை எட்டு ஆளுக்குக் கூலியாகப் பங்கிட வேண்டுமென்றால், 288 நாழியை எட்டால் வகுத்து ஆளுக்கு 36 நாழி, அதாவது நான்கு குறுணி நான்கு நாழி என்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லத் தெரிந்தவன் கையில் மரக்கால் இருந்தது. தெரியாதவன் கொடுத்ததைப் பெற்றுக்கொண்டு போனான்.

பழமையைப் புகழ்வோர் பலரும் சொல்லாமல் விட்டுவிடும் செய்தி இதுதான். திண்ணைப் பள்ளி எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. வயலில் நாற்று நட்டவர், கதிர் அறுத்தவர் ஆகியோரின் பிள்ளைகள் எழுத்துக்கும் எண்ணுக்கும் புறத்தே நிறுத்தப்பட்டனர். நெய்யாற்றின்கரைப் பகுதியைச் சேர்ந்த வெங்ஙானூரில் பிறந்த அய்யங்காளி (1863–1941) 1907ஆம் ஆண்டில் சாது சன பரிபாலன சங்கத்தை நிறுவி, புலையர் குழந்தைகளுக்குப் பள்ளியில் இடம் வேண்டுமென்று போராடினார். இடம் தராவிட்டால் வயலில் இறங்கோம் என்று உழவுத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். 1910களில் ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற சிறுமியை அவர் அழைத்துச் சென்றபோது, அதைப் பொறாதவர் அப்பள்ளிக்குத் தீ வைத்தனர். பாதி எரிந்த பெஞ்சு ஒன்று இன்றும் அங்குப் பாதுகாக்கப்படுகிறது. எண்சுவடியை நாம் இன்று வகுப்பறைக்குக் கொண்டுவரும்போது, அந்தப் பெஞ்சையும் உடன் நினைக்க வேண்டும். கூலி நாழியை வகுக்கத் தெரிவது யாருக்கு உரிமை என்பதே அன்று வழக்கு.

எண்சுவடியின் மற்றொரு குறை, காரணம் கூறாது மனப்பாடம் செய்வித்ததாகும். ஆனால் மனப்பாடத்தையே பழிப்பது இக்காலத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது. அதை நாம் ஏற்பதற்கில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று நாவில் தயாராக இல்லாதவன் நெடு வகுத்தலில் ஒவ்வோர் அடியிலும் நின்று விரல் மடக்கிக்கொண்டிருப்பான். அதற்குள் கணக்கின் போக்கை மறந்துவிடுவான். காரணம் முதலில், மனப்பாடம் அடுத்து என்ற முறை இருந்தால் போதும்.

நாணயக் கணக்கும் ஒரு காலத்தில் இப்பகுதிப் பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சியாக இருந்தது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம்; 4 சக்கரம் ஒரு பணம்; 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆங்கில அரசின் ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். திருநெல்வேலிச் சந்தையில் கருப்பட்டி விற்று ஆறு ஆங்கில ரூபாயுடன் திரும்பும் வணிகன், அது 171 சக்கரம், அதாவது ஆறு திருவிதாங்கூர் ரூபாயும் மூன்று சக்கரமும் என்று வழியிலேயே கணக்கிட்டாக வேண்டும். 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நூறு நயா பைசா ஒரு ரூபாய் என்றாயிற்று. தொடர்ந்து மெட்ரிக் எடைகளும் அளவைகளும் வந்தன. கணக்கு எளிதாயிற்று, அது நன்மையே. ஆனால் பதினாறிலும் இருபதிலும் அமைந்த பின்ன வாய்பாடுகள் அன்றோடு தொழிலிழந்தன. வீட்டில் கேட்டறியும் பின்னக் கணக்கு ஒரு தலைமுறைக்குள் மறைந்தது. பின்னம் பிள்ளைகளுக்கு இன்று அந்நியமாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமென்று நாம் கருதுகிறோம்.

இனி, கையில் எடுக்கக் கூடிய கருவிகளைக் காண்போம். முதலாவது ஈர்க்கு. தென்னை ஓலையின் நடுநரம்பாகிய ஈர்க்குக்குச் செங்கல் ஊரில் என்ன பஞ்சம்! மும்பையிலும் தில்லியிலும் வீட்டுத் துடைப்பத்திலிருந்து உருவிக்கொள்ளலாம், தீக்குச்சியும் ஆகும். விரல் நீளத்துக்கு நறுக்கிப் பத்துப் பத்தாக நூலால் கட்டவேண்டும். பத்துக் கட்டுகளைச் சேர்த்துக் கட்டினால் நூறு. கட்டைப் பிள்ளையே கட்ட வேண்டும். கடையில் வாங்கிய கட்டில் இப்பயன் கிடைக்காது. பத்து ஒன்றுகள் ஒரு பத்தாக மாறுவதை விரலால் உணர்ந்தவனுக்கு இடமதிப்பு விளங்கிவிடும்.

இப்பொழுது 52இலிருந்து 27ஐக் கழிக்க வேண்டும். ஐந்து கட்டும் இரண்டு தனி ஈர்க்கும் முன்னே இருக்கின்றன. ஏழு ஈர்க்கு எடுக்க வேண்டும், இரண்டுதான் உள்ளது. ஒரு கட்டை அவிழ்த்தால் பன்னிரண்டு ஆகிறது. ஏழை எடுத்தால் ஐந்து. மீதமுள்ள நான்கு கட்டில் இரண்டை எடுத்தால் இரண்டு. விடை 25. இதைத்தான் பள்ளியில் ‘கடன் வாங்குதல்’ என்கிறார்கள். வாங்கிய கடனை எப்பொழுது திருப்பித் தருவது என்று கூர்மையான பிள்ளை கேட்டால் விடை சொல்ல இயலாது. கடன் ஒன்றும் இங்கு இல்லை. கட்டை அவிழ்த்தோம், அவ்வளவுதான். ‘கட்டவிழ்த்தல்’ என்றே சொல்லிப் பழக்கினால் என்ன?

வகுத்தலும் இவ்வாறே. 52 ஈர்க்கை நால்வருக்குப் பங்கிடுக. ஐந்து கட்டில் ஆளுக்கொரு கட்டு கொடுத்தாயிற்று. மீதி ஒரு கட்டை அவிழ்த்து இரண்டுடன் சேர்த்தால் பன்னிரண்டு, ஆளுக்கு மூன்று. ஆக, ஆளுக்குப் பதின்மூன்று. கூட்டலையும் கழித்தலையும் பெருக்கலையும் வலப்புறத்திலிருந்து தொடங்கும் நாம் வகுத்தலை மட்டும் ஏன் இடப்புறத்திலிருந்து தொடங்குகிறோம் என்ற ஐயத்துக்கும் இங்கே விடை கிடைக்கிறது. பெரிய கட்டை முதலில் பங்கிட்டால்தான், மிஞ்சியதை அவிழ்த்துச் சிறியவற்றோடு சேர்க்க முடியும். ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் வராத பிள்ளைக்கு முதலில் தாளையும் பென்சிலையும் தராமல், ஒரு வாரம் ஈர்க்கை மட்டும் தந்து பாருங்கள்.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கி, இந்திய ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர் பயன்படுத்திய பொன்னிற மணிகளும் இதே கருத்தில் அமைந்தவைதாம்: ஒரு மணி, பத்து மணிக் கோல், நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனசதுரம். அவை அழகியவை, விலையும் மிகுதி. ஈர்க்குக் கட்டில் அழகு குறைவு. ஆனால் அதை அவிழ்க்கலாம். மாண்டிசோரி மணிக் கோலை அவிழ்க்க முடியாது, மாற்றிக்கொள்ளத்தான் முடியும். தொடக்க நிலையில் ஈர்க்கே நமக்கு மேலாகத் தோன்றுகிறது.

பெருக்கலுக்கும் ஈர்க்கு உதவும். மூன்று ஈர்க்கைக் கிடையாகவும் நான்கு ஈர்க்கை அவற்றின் மேல் நெடுக்காகவும் வைத்து, அவை ஒன்றையொன்று வெட்டும் இடங்களை எண்ணச் சொல்லுங்கள், பன்னிரண்டு வரும். பாயைத் திருப்பி வைத்தால் நான்கு மூன்றாகும், இடங்கள் மாறுவதில்லை. இந்த ஒன்றை அறிந்துவிட்டால் வாய்பாட்டின் சுமை பாதியாகக் குறைகிறது. பத்துக்குப் பத்து வாய்பாட்டில் நூறு பெருக்கல்கள் இருப்பினும், வேறு வேறானவை 55 மட்டுமே. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ஆகியவற்றின் வாய்பாடுகள் எளியவை. அவற்றை நீக்கினால் எஞ்சுவன 21. இருபத்தொரு பெருக்கலை மனத்தில் இருத்த ஒரு மாதம் போதாதா? பழைய சுவடிகளில் ஒரு வாய்பாட்டின் விடைகளையெல்லாம் கூட்டிய தொகையையும் இறுதியில் எழுதி வைப்பதுண்டு. ஏழாம் வாய்பாட்டைப் பத்து வரை எழுதிக் கூட்டினால் 385 வரவேண்டும்; வராவிட்டால் எங்கோ ஒரு பிழை. எந்த வாய்பாட்டுக்கும் இத்தொகை அந்த எண்ணின் 55 மடங்காக இருக்கும். சரியா தவறா என்று ஆசிரியரை எதிர்நோக்காமல் பிள்ளை தானே சரிபார்த்துக்கொள்ளும் இவ்வழி மிக நன்று.

பல்லாங்குழியைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். ஒன்றை மட்டும் சொல்லிச் செல்வோம். பதினான்கு குழிகள், குழிக்கு ஐந்து புளியமுத்து என்றால் மொத்தம் 70. கையில் பதினேழு முத்து எடுத்து, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாக எல்லாக் குழியிலும் இட்டுக்கொண்டு போனால், கடைசி முத்து எங்கே விழும்? ஒரு சுற்றுக்குப் பதினான்கு போக மீதி மூன்று. ஆகவே தொடங்கிய குழிக்கு அப்பால் மூன்றாம் குழி. இடுவதற்கு முன்பே சொல்லிவிடும் பிள்ளைக்கு, வகுத்தலில் மீதி என்பது என்னவென்று விளக்க வேண்டுவதில்லை.

ஈவு எடுத்த இடத்தில் ஈர்க்கையும், மீதி எடுத்த இடத்தில் புளியமுத்தையும் கொண்டு கற்பிக்கலாம் என்று வற்புறுத்திய ஆசிரியர்களுள் சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் பி. கே. சீனிவாசன் (1924–2005) முதல்வராக வைத்து எண்ணத் தக்கவர். தாளை மடித்தும் நாட்காட்டியைக் கிழித்தும் கணக்குக் கற்பித்தவர். கணிதக் கண்காட்சிகளை மாணவர்களைக் கொண்டே நடத்தியவர். இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகத்தை அமைத்தவர். அரசுகளும் வாளா இருக்கவில்லை. 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி வந்த கரும்பலகைத் திட்டம் தொடக்கப் பள்ளிகளுக்குக் கணக்குக் கருவிப் பெட்டிகளை வழங்கியது. அவற்றுள் பல, கெட்டுவிடும் என்ற அச்சத்தால் பீரோவிலேயே பூட்டி வைக்கப்பட்டன என்பது வேறு கதை. தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், வகுப்பறையிலேயே பாட்டு, விளையாட்டு, பொருள்கள் ஆகியவற்றுக்கு இடம் வகுத்தது. கேரளத்திலும் ‘உல்லாச கணிதம்’ என்ற பெயரில் தொடக்க வகுப்புகளுக்கு விளையாட்டு வழிக் கணக்கு வந்தது. கேரள அரசு தமிழ் வழிப் பாடநூல்களையும் வெளியிடுகிறது என்பதை எல்லையூர்ப் பெற்றோர் பலர் அறியார். மலையாள வழியில் பயிலும் பிள்ளைக்கும் அத்தமிழ்ப் புத்தகம் வீட்டில் ஒரு துணையாகும். பக்கத்துக்குப் பக்கம் ஒரே கணக்கு, மொழி மட்டும் வேறு.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். நம் எண்ணுப் பெயர்கள் ஒரு பெருஞ் செல்வம். இருபத்தொன்று என்ற சொல்லிலேயே இருபதும் ஒன்றும் வரிசையாக நிற்கின்றன. இந்தியிலோ மராத்தியிலோ நூறு வரை ஏறத்தாழ ஒவ்வோர் எண்ணின் பெயரையும் தனித்தனியே நெட்டுருச் செய்ய வேண்டும். மராத்தியில் 21 ‘ஏகவீஸ்’, ஒன்று முன்னும் இருபது பின்னும். 29 ‘ஏகோணதீஸ்’, அதாவது ஒன்று குறைந்த முப்பது. 2019ஆம் ஆண்டில் மராட்டிய அரசின் பாடநூல் நிறுவனமான பால்பாரதி, இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ‘வீஸ் ஏக்’, அதாவது ‘இருபது ஒன்று’ என்று சொல்லும் முறையையும் சேர்த்தது. பெரிய வாதம் எழுந்தது. அந்நூற்குழுவின் தலைவராக இருந்த கணித அறிஞர் மங்களா நார்லீகர், தென்னாட்டு மொழிகளில் எண்கள் இவ்வாறே சொல்லப்படுகின்றன என்று எடுத்துக்காட்டினார். பிறர் விரும்பி நாடும் ஒன்று நம் வீட்டில் சும்மா கிடக்கிறது! பள்ளியில் எம்மொழியில் பயின்றாலும், வீட்டில் தமிழில் எண்ணும் பழக்கத்தைப் பிள்ளை விட்டுவிடாமல் காக்க வேண்டும். ஆனால் நம் மொழியிலும் ஓரிரு இடறல் உண்டு. தொண்ணூறு என்ற சொல்லில் நூறும், தொள்ளாயிரம் என்ற சொல்லில் ஆயிரமும் ஒலிப்பதால், சில குழந்தைகள் அவ்விடத்தில் தவறாக எழுதுவர். மலையாளத்திலும் இதே இடறல். அதைக் கண்டால் கடிந்துகொள்ள வேண்டாம். ஒன்பது கட்டுகளை எண்ணிக் காட்டினால் போதும்.

நாள்தோறும் பத்து நிமிடம் இதற்குப் போதும். கறிகாய் வாங்கும்போது கால் கிலோ என்ன விலை என்று பிள்ளையைக் கேளுங்கள். அவன் சொன்ன விடையை வீட்டுக்கு வந்ததும் பள்ளி முறையில் தாளில் எழுதச் சொல்லுங்கள். சந்தைக் கணக்கையும் தாள் கணக்கையும் ஒன்றாகக் கட்டுவது இந்தச் சிறு செயல்தான். ‘குணனம்’ என்றோ ‘குணா’ என்றோ பள்ளியில் சொல்வதன் தமிழ்ப் பெயரைத் தாளின் ஓரத்தில் எழுதி வைக்கட்டும்.

கோடை விடுமுறைக்கு ஒரு கணக்கு மீதமிருக்கிறது. நெய்யாற்றின்கரைக் கிருட்டிணன் கோயிலில் அம்மச்சிப் பிலாவு என்ற பழம் பலா மரம் ஒன்று உண்டு. பகைவரிடமிருந்து தப்பிய மார்த்தாண்ட வர்மர் அதன் பொந்தில் ஒளிந்திருந்தார் என்பது வழிவழிச் செய்தி. அந்நாட்டில் பலாவுக்குக் குறைவில்லை. காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம், பலாப் பழத்தை வெட்டாமலே அதன் சுளைகளை அறிய ஒரு வழி கூறுகிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். நூறு முள்ளென்றால் 120 சுளை. பழம் வாங்கும் நாளில் பிள்ளைகளை அழைத்து முள்ளை எண்ணச் சொல்லுங்கள். கணக்கிட்டுத் தாளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு பழத்தை அரிந்து சுளையை எண்ணுங்கள். தொகை ஒத்து வருகிறதா, எவ்வளவு வேறுபடுகிறது என்பதைப் பழத்துக்குப் பழம் குறித்து வைக்கட்டும். எண்ணிக்கை முடியும் வரை யாரும் சுளையை வாயிலிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது ஒன்றுதான் கடினம்.